புதிதாக வரும் பங்க், ஹார்ட்கோர் ரெக்கார்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்க், ஹார்ட்கோர் என்ற வேகமான ராக் இசை வகைகளின் பக்கம் 2021-லிருந்து நல்ல ரெக்கார்டுகள் அடுக்கடுக்காக வந்துகொண்டிருக்கின்றன. புதிதாகக் கேட்க ஆரம்பித்தவர்களும், பள்ளி நாட்களில் கிரீன் டே கேட்டுவிட்டு அத்தோடு விட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் என் ரசனையும் கலந்திருக்கும். பிடித்ததைப் பிடித்தது என்றே சொல்லியிருக்கிறேன்.

பங்க்குக்கும் ஹார்ட்கோருக்கும் என்ன வித்தியாசம்?

ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து வந்ததுதான். ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து வந்தது. அடுத்த வருடம் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் என்று பங்க் பெரிய கம்பெனிகளின் கைக்குப் போய்விட்டது. 1979-லிருந்து 1981-க்குள் லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன், பாஸ்டன் போன்ற ஊர்களில் இருந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் அதே இசையை எடுத்து, வேகத்தை ஏற்றி, பாட்டைச் சுருக்கி, பாடுவதைக் கத்தலாக்கி, ரெக்கார்டையும் தாங்களே போட்டு, ஷோவையும் தாங்களே நடத்தினார்கள். பிளாக் ஃபிளாக், பேட் பிரெயின்ஸ், மைனர் த்ரெட் எல்லாம் அந்த நேரத்துக் குழுக்கள். இங்கிலாந்தில் டிஸ்சார்ஜ் என்ற குழு 1982-இல் போட்ட ஆல்பத்தின் டிரம்ஸ் அடி இன்றுவரை உலகம் முழுக்கக் கேட்கிறது.

இன்றைக்கு வரும் ரெக்கார்டுகளில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. ஒரே குழுவே ஒரு பாட்டில் பங்க், அடுத்த பாட்டில் ஹார்ட்கோர், மூன்றாவதில் 90-களின் மாற்று ராக் என்று போகும். பெயர் வைப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல் கேட்க ஆரம்பித்துவிடுங்கள்.

புதிதாகக் கேட்பவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

டர்ன்ஸ்டைல் குழுவின் ‘குளோ ஆன்’. 2021 ஆகஸ்டில் வந்தது, 15 பாட்டு, மொத்தம் 35 நிமிடம்கூட இல்லை.

பால்டிமோரில் 2010-இல் ஆரம்பித்த குழு இது. பாடகர் பிரெண்டன் யேட்ஸ் அதற்கு முன்பிருந்தே டிராப்ட் அண்டர் ஐஸ் என்ற ஹார்ட்கோர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், அதனாலோ என்னவோ டர்ன்ஸ்டைல் பாட்டுகளில் தாளம்தான் எப்போதும் முன்னால் நிற்கிறது. ‘குளோ ஆன்’ அடித்துத் தள்ளும் ஆல்பம்தான், ஆனால் அதில் கோபத்தைவிடச் சந்தோஷம் அதிகம். நடுவில் பிளட் ஆரஞ்ச் என்ற பெயரில் இசையமைக்கும் டெவ் ஹைன்ஸ் வந்து மெதுவாகப் பாடிவிட்டுப் போகிறார், அது கொஞ்சம்கூட ஒட்டவைத்ததுபோல் இல்லை. அந்த ஆல்பத்தின் பாட்டுகளுக்காக 2023 கிராமி விருதுகளில் மூன்று பரிந்துரைகள் கிடைத்தன. சின்ன ஹால்களில் வாசித்து வளர்ந்த ஒரு ஹார்ட்கோர் குழுவுக்கு இது நடந்தது பெரிய விஷயம், அதற்குப் பிறகு இந்த இசைக்குள் வந்த கூட்டத்தில் பாதிப்பேர் இந்த வாசல் வழியாகத்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்களுடைய அடுத்த ஆல்பம் எப்படி? அது இன்னும் ஹார்ட்கோர்தானா?

‘நெவர் எனஃப்’ 2025 ஜூன் 6 அன்று வந்தது, 14 பாட்டு, யேட்ஸே தயாரித்தார். இடையில் பழைய கிடாரிஸ்ட் விலகிவிட, சப்பி அண்ட் த கேங் என்ற லண்டன் பங்க் குழுவில் வாசித்த மெக் மில்ஸ் வந்து சேர்ந்தார். சில பாட்டுகளின் முடிவில் சின்தசைசர் நிமிடக்கணக்கில் மிதக்கிறது, அங்கே எனக்குப் பொறுமை போகிறது, இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம். வேகமான பாட்டுகள் வரும்போது மட்டும் பழைய டர்ன்ஸ்டைல் அப்படியே திரும்பி நிற்கிறது.

வார்னர் என்ற பெரிய கம்பெனியின் குழுமத்தைச் சேர்ந்த ரோட்ரன்னர் லேபிளில் (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்தில்) வந்தது, மெட்டு இனிமையாகிவிட்டது, இது எப்படி ஹார்ட்கோர் ஆகும் என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே குழு ஆல்பம் வருவதற்குச் சில வாரம் முன்பு, 2025 மே 10 அன்று, தன் சொந்த ஊர் பூங்காவில் டிக்கெட் இல்லாமல் ஒரு ஷோ நடத்தி, வீடில்லாதவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் உள்ளூர் அமைப்புக்கு நிதி திரட்டியது. ஷோ எப்படி நடக்கிறது, யாருக்காக நடக்கிறது என்பதும் ஹார்ட்கோரில் இசைக்குச் சமமான பாதி. அந்தப் பாதியை அவர்கள் விடவில்லை.

இதெல்லாம் மென்மையாக இருக்கிறது. நிஜமாகவே கனமானது வேண்டும்.

நாக்ட் லூஸ். கென்டக்கி மாநிலக் குழு. 2024 மே மாதம் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் ‘யூ வோன்ட் கோ பிஃபோர் யூ ஆர் சப்போஸ்ட் டு’ 27 நிமிடம்தான், அதற்குள் 10 பாட்டு, மூச்சுவிட இடம் கிடையாது. விமானத்தில் பயணம் செய்யப் பயப்படும் பாடகர் பிரையன் கேரிஸுக்கு, விமானம் குலுங்கியபோது பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் ஆறுதலாகச் சொன்ன வாக்கியம்தான் ஆல்பத்தின் பெயர். உனக்கு நேரம் வருவதற்கு முன் நீ போகமாட்டாய் என்கிறார் அந்தப் பெண். இவ்வளவு பயங்கரமான சத்தத்துக்கு அடியில் அப்படி ஒரு சாதாரண மனிதப் பயம் இருப்பதால்தான் இந்த ஆல்பம் எனக்கு வெறும் சத்தமாகக் கேட்கவில்லை. பாப்பி என்ற பாடகியோடு சேர்ந்து செய்த ‘சஃபகேட்’ பாட்டு 2025 கிராமியில் பரிந்துரைக்கப்பட்டது, அமெரிக்காவின் ஜிம்மி கிம்மெல் இரவு நிகழ்ச்சியிலும் அதை நேரடியாக வாசித்தார்கள். தொலைக்காட்சியில் அந்த நேரத்தில் அப்படி ஒரு சத்தம் யாரும் எதிர்பார்க்காதது.

மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்த வகை இது. மெட்டல் வாசனை குறைவாக, நியூயார்க் பாணியில் வேண்டுமென்றால் மைண்ட்ஃபோர்ஸ் குழுவின் ‘நியூ லார்ட்ஸ்’ கேளுங்கள், 2022-இல் வந்தது.

ஆல்பம் ஏன் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது? ஏமாற்று வேலையா?

இல்லை. வேகமாக வாசித்தால் பாட்டு சுருங்கும், ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டால் இரண்டாவது முறை கோரஸ் எதற்கு என்று கேட்கும் இசை இது. சர்க்கிள் ஜெர்க்ஸ் 1980-இல் போட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, 15 நிமிடம். அன்றிலிருந்து இதுதான் வழக்கம்.

இன்னொரு காரணம் வினைல் தட்டு. 7 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம்தான் நல்ல சத்தத்தோடு பதிக்க முடியும், காசில்லாத பிள்ளைகளுக்குக் கட்டுப்படியான வடிவமும் அதுதான். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற குழு 1980-இல் கலைந்தபோது, ஷோக்களில் சேர்ந்த சுமார் 600 டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் 8 பாட்டோடு ஒரு 7 அங்குல இபி (ஆல்பத்தைவிடச் சின்ன ரெக்கார்டு) போட்டார்கள், 1000 பிரதிகள். ஓர் இங்கிலீஷ் தட்டின் அட்டையைப் பிரித்து அளவு பார்த்து, தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். டிஸ்கார்ட் லேபிள் அப்படித்தான் பிறந்தது, இன்னமும் இருக்கிறது. இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் அந்தக் குழுவிலிருந்துதான் மைனர் த்ரெட்டுக்குப் போனார்கள்.

டெமோ, இபி, ஸ்ப்ளிட் என்றெல்லாம் போடுகிறார்களே, எதை ‘ரிலீஸ்’ என்று எடுத்துக்கொள்வது?

எல்லாமே ரிலீஸ்தான், இதை நான் அழுத்திச் சொல்வேன். மற்ற இசைகளில் டெமோ என்பது லேபிளுக்கு அனுப்பும் மாதிரி. ஹார்ட்கோரில் ஒரு குழு ஆரம்பித்து நான்கு பாட்டை வாசிப்பு அறையிலேயே பதிந்து, கேசட்டில் போட்டு முதல் ஷோவில் விற்பதுதான் டெமோ. பல குழுக்கள் வாழ்நாளில் போட்டதிலேயே சிறந்தது அந்தக் கேசட்தான், அதற்குப் பிறகு அவர்கள் கலைந்தும் போயிருப்பார்கள். கேசட் இன்னும் இருப்பதற்குப் பழைய காலத்து ஏக்கம் மட்டும் காரணம் கிடையாது, நூறு பிரதி மட்டும் செய்யலாம், சீக்கிரம் வரும், செலவு குறைவு. ஸ்ப்ளிட் என்றால் இரண்டு குழுக்கள் ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கம்.

புது ரெக்கார்டு வருவது எப்படித் தெரியும்? எதைத் தேடுவது என்றே புரியவில்லை.

குழுக்களைத் தேடாமல் லேபிள்களைப் பின்தொடருங்கள். இந்த முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்கோர் லேபிள் என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பேர். அவர்களே ஷோவுக்குப் போகிறவர்கள், அவர்கள் காதில் விழுந்து பிடித்ததைத்தான் போடுகிறார்கள், அதனால் ஒரு லேபிளின் ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போய்விட்டால் அதன் அடுத்த ஐந்து ரெக்கார்டில் குறைந்தது மூன்று உங்களுக்குப் பிடிக்கும். பால்டிமோரின் ஃபிளாட்ஸ்பாட் இப்போது மிகத் துடிப்பாக இருக்கிறது: எண்ட் இட், ஜூலு, ஸ்பீட் எல்லாம் அங்கேதான். பாஸ்டனின் டிரிபிள் பி கறாரான, கலப்பில்லாத ஹார்ட்கோர் பக்கம். டென்வரின் கன்வல்ஸ் கொஞ்சம் விசித்திரமானவர்களைத் தேடிப் பிடிக்கும், மிசிசிப்பியிலிருந்து வந்த எம்எஸ்பெயின்ட் என்ற குழுவில் கிடாரே இல்லை, பேஸும் டிரம்ஸும் சின்தசைசரும்தான், 2023-இல் வந்த அவர்கள் ஆல்பம் ‘போஸ்ட்-அமெரிக்கன்’ அந்த வருடம் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது. லண்டனின் லா விடா எஸ் உன் முஸ், சியாட்டிலின் அயர்ன் லங் இரண்டும் பங்க் உலகத்தின் கரடுமுரடான பக்கத்துக்கு.

அப்புறம் இன்னொரு வழி, தயாரிப்பாளர் பெயரைப் பார்ப்பது. வில் யிப் என்ற பெயர் பென்சில்வேனியாவின் ஸ்டுடியோ 4-இல் பதிந்த எத்தனையோ நல்ல ரெக்கார்டுகளில் இருக்கும். நன்றி சொல்லும் பட்டியலையும் படியுங்கள். ஒரு குழு யார் யாருக்கு நன்றி சொல்கிறதோ, அந்தப் பெயர்களில் பாதி வேறு குழுக்கள்.

ஸ்பாட்டிஃபையில் கேட்டால் போதாதா?

கேட்டுப் பார்க்கப் போதும். பிடித்துவிட்டால், குழுக்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள்.

கணக்கு இதுதான். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு காசும் கிடையாது. கோடிகளில் கேட்கப்படும் பாடகர்களுக்கு இது தூசு. 300 பேர் மட்டும் தேடிக் கேட்கும் டெமோவுக்கு இது மொத்த வருமானமும் போன மாதிரி. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் தட்டு, சட்டை போன்றவற்றில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது, மீதி பணம் செலுத்தும் கட்டணம் போகக் குழுவுக்கோ லேபிளுக்கோ போகிறது. 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில் ஷோக்கள் நின்றபோது, ஒருநாள் முழுக்கத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள், அதுதான் பேண்ட்கேம்ப் ஃபிரைடே என்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தளம் 2022-இல் எபிக் கேம்ஸிடமும் 2023-இல் சாங்ட்ரேடரிடமும் கைமாறியதில் எனக்குக் கவலை உண்டு, ஆனால் இன்றைய தேதிக்கு ஒரு சின்னக் குழுவுக்கு நேரடியாகக் காசு போக இதைவிட எளிய வழி இல்லை.

இந்தியாவிலிருந்து வாங்க, வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பல குழுக்கள் ‘விருப்பப்பட்ட விலை’ என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஒரு டீ, ஒரு வடைக்குச் செலவாவதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

வினைல் தட்டு வாங்கலாமா? அறிவித்து ஆறு மாதம் கழித்து வருகிறதே?

தட்டு பதிக்கும் ஆலைகள் உலகத்திலேயே குறைவு, அங்கே பெரிய பாடகர்களின் ஆர்டர் வந்தால் 500 பிரதி கேட்கும் பங்க் லேபிள் வரிசையில் பின்னால் போய்விடும். போதாக்குறைக்கு 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் ஊரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. மூலத் தட்டு வெட்டுவதற்கான லாக்கர் தகடுகளை உலகத்தில் இரண்டே நிறுவனங்கள்தான் செய்துகொண்டிருந்தன, அதில் ஒன்று அது, மற்றது ஜப்பானில்.

நம் ஊரிலிருந்து ஆர்டர் செய்தால் அனுப்பும் செலவு தட்டின் விலையைத் தாண்டுவது சகஜம், சுங்கமும் சேரும். நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது நல்லது. ஒரே ஆல்பத்தை ஐந்து நிறத்தில் போட்டு ஐந்தையும் வாங்க வைக்கும் வேலை எனக்குப் பிடிப்பதில்லை, கறுப்புத் தட்டு ஒன்று போதும்.

இது வெள்ளைக்காரப் பையன்களின் இசைதானே? நமக்கு என்ன இருக்கிறது இதில்?

அப்படி ஒரு பிம்பம் இருக்கிறது, வரலாறு அப்படி இல்லை. ஹார்ட்கோரின் வேகத்தை நிர்ணயித்த பேட் பிரெயின்ஸ் வாஷிங்டனைச் சேர்ந்த கறுப்பினக் குழு. 1982-இல் கேசட்டில் மட்டும் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் மின்னல் இறங்கும் அந்த மஞ்சள் அட்டையை, இன்றும் குழுக்கள் சட்டையில் போட்டுத் திரிகின்றன. லண்டனில் 1979-இல் தெற்காசிய இளைஞர்கள் ஏலியன் கல்ச்சர் என்ற பங்க் குழுவை ஆரம்பித்தார்கள். வேற்றுக் கலாச்சாரக்காரர்கள் நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்று மக்கள் பயப்படுகிறார்கள் என மார்கரெட் தாட்சர் 1978-இல் தொலைக்காட்சியில் பேசியிருந்தார், அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பெயர்.

புதியவற்றில் இரண்டை அவசியம் கேளுங்கள். பிலடெல்பியாவின் சோல் குளோ 2022 மார்ச்சில் எபிடாஃப் லேபிளில் போட்ட ‘டயஸ்போரா ப்ராப்ளம்ஸ்’ கடந்த பத்து வருடத்தின் மிகச் சிறந்த ஹார்ட்கோர் ஆல்பம் என்பது என் கருத்து. பியர்ஸ் ஜோர்டன் மூச்சுவிடாமல் வரிகளைக் கொட்டுகிறார், நடுவில் ராப் தாளம் வருகிறது, பித்தளை வாத்தியங்கள் வருகின்றன, காசு இல்லாமை, குடும்பம், கறுப்பினத்தவராக ஹார்ட்கோர் வட்டத்துக்குள் நிற்பது, எல்லாம் ஒன்றோடொன்று முட்டி மோதுகிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஜூலு 2023-இல் போட்ட ‘எ நியூ டுமாரோ’ இன்னொரு வகை. கனமான கிடார் ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளுக்கு) நடுவே பழைய சோல் பாட்டுத் துண்டுகளை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன இருக்கிறது என்றால், பெரிய கம்பெனியின் தயவு இல்லாமல் நாலு பேர் சேர்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே பதிந்து வெளியிடும் வழி இருக்கிறது. மும்பையின் த ரயட் பெட்லர்ஸ், டெத் பை ஃபங்கை போன்ற குழுக்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன.

பெண் குரல் உள்ள புது ஆல்பங்கள்?

கலிஃபோர்னியா சாண்டா குரூஸின் ஸ்கௌல். 2021-இல் வந்த ‘ஹவ் ஃபிளவர்ஸ் குரோ’ 16 நிமிடத்தில் முடிந்துவிடும், கேட் மாஸின் தொண்டை அதில் நெருப்பு. 2025 ஏப்ரலில் வந்த ‘ஆர் வி ஆல் ஏஞ்சல்ஸ்’ வில் யிப் தயாரிப்பு, அதில் அவர் நன்றாகப் பாடவும் செய்கிறார், ராக் பக்கம் நகர்ந்திருக்கிறது, எனக்கு முதலாவதுதான் நெருக்கம். மெல்போர்னின் ஏமில் அண்ட் த ஸ்னிஃபர்ஸ் பழைய பங்க் பாணி, 2024 அக்டோபரில் வந்த ‘கார்ட்டூன் டார்க்னஸ்’ஸில் ஏமி டெய்லர் ஒரு வரியைக்கூடச் சும்மா பாடவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே வேறு யார்?

சிட்னியின் ஸ்பீட். பாடகர் ஜெம் சியோ புல்லாங்குழல் படித்தவர், அதைச் சொல்லியும் கொடுத்தவர். 2024 ஜூலையில் வந்த ‘ஒன்லி ஒன் மோட்’ ஆல்பத்தில் ‘த ஃபர்ஸ்ட் டெஸ்ட்’ பாட்டுக்கு நடுவே, எல்லோரும் குதிக்கக் காத்திருக்கும் இடத்தில், அவரே புல்லாங்குழல் எடுத்து வாசிக்கிறார். விளையாட்டாகச் செய்தது மாதிரி இல்லை, அந்த இடத்துக்கு அதுதான் சரி.

லண்டனின் ஹை விஸ் 2024-இல் போட்ட ‘கைடட் டூர்’ கேளுங்கள். ஹார்ட்கோர் பின்னணியில் வந்தவர்கள் மான்செஸ்டர் கிடார் இசையையும் ஹவுஸ் நடன இசையையும் கலந்து, உழைக்கும் வர்க்க ஆண்கள் வாய்திறந்து பேசாத வருத்தங்களைப் பாடுகிறார்கள். சிங்கப்பூரின் சியால் மலாய் மொழியில் கத்தும் குழு, மொழி தெரியாமலே சங்கதி புரிந்துவிடும்.

பழைய குழுக்கள் ஏதாவது உருப்படியாகச் செய்கின்றனவா?

கனடாவின் ப்ரோபகாண்டி 1986-இல் ஆரம்பித்தது. எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2025 மே மாதம் ‘அட் பீஸ்’ வந்தது. வயதாகி, உலகம் இன்னும் மோசமாகி, ஆனாலும் வாயை மூட மறுப்பவர்களின் ஆல்பம். கிரீன் டே 2024-இல் ‘சேவியர்ஸ்’ போட்டது, முந்தையதைவிட நன்று. சம் 41 2024-இல் ஓர் இரட்டை ஆல்பத்தோடு விடைபெற்று, 2025 ஜனவரியில் டொராண்டோவில் கடைசி ஷோ வாசித்தது. நோஎஃப்எக்ஸும் 2024 அக்டோபரில் நிறுத்திக்கொண்டது.

என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். பேண்ட்கேம்பில் பெரும்பாலும் பாட்டுக்குக் கீழேயே இருக்கும். இரண்டாவது முறை காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஷோவுக்குப் போக வழியில்லை. ரெக்கார்டு மட்டும் கேட்டால் பாதிதானே?

உண்மைதான், அதற்கு ஹேட்ஃபைவ்சிக்ஸ் இருக்கிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த சன்னி சிங் பல வருடங்களாக ஹார்ட்கோர் ஷோக்களைப் படம்பிடித்து யூடியூபில் இலவசமாகப் போடுகிறார், பல கேமராக்கள், சுத்தமான ஒலி. ஒரு புது ஆல்பம் பிடிபடாவிட்டால் அதே குழுவின் ஷோவை அங்கே பாருங்கள். மைக்கை யார் பிடுங்குகிறார்கள், எந்த வரியில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்துகிறது என்று பார்த்த பிறகு அந்த ரெக்கார்டு வேறாகக் கேட்கும்.

ஒரே ஒரு சாயங்காலம் இருக்கிறது. எந்த வரிசையில் கேட்பது?

‘ஹவ் ஃபிளவர்ஸ் குரோ’ முதலில், 16 நிமிடம். அப்புறம் ‘குளோ ஆன்’, 35. கொஞ்சம் இடைவெளி விட்டு நாக்ட் லூஸ், 27. மொத்தம் 80 நிமிடத்துக்குள் மூன்று ஆல்பமும் முடிந்துவிடும். இன்னும் தெம்பு இருந்தால் ‘டயஸ்போரா ப்ராப்ளம்ஸ்’ஸை வரிகளோடு கேளுங்கள், இல்லாவிட்டால் அதை மறுநாளுக்கு வையுங்கள், பாதிக் கவனத்தோடு கேட்கக்கூடிய ஆல்பம் அது இல்லை.